மண்ணிறக் குட்டிகள்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
18 ஓகஸ்ட் 2002

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் தம்பி கனகசிங்கம் எழுதுகிறேன். நானும் பிலோமினாவும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தையல் மெசினை மிதிக்க முடிகிறதா? சண்டை ஓய்ந்து, கல்லடிப் பாலத்தை ஒருவரும் மறிக்காமல் கடந்து வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு பேரும் திரும்பத் திரும்ப வாசித்தோம். தொலைபேசி எடுத்தால் ஆளுக்கு ஆள் அழுதே முடிந்துவிடுகிறது. ஆகவே உங்கள் சொற்படி கடிதம்தான்.

ஒரு புதினம் சொல்லவேண்டும். முதலில் கதிரையில் இருந்துகொள்ளுங்கள். எங்கள் பேஸ்மென்டில் பாம்பு வளர்க்கிறோம்.

பதறவேண்டாம். இந்த நாட்டில் கார்ட்டர் பாம்பு என்று ஒன்று இருக்கிறது. பெருவிரல் மொத்தம்தான் வரும், முதுகில் மூன்று மஞ்சள் கோடு, மனிதரை ஒன்றும் செய்யாது. மண்புழுவும் மீன் துண்டும் தின்னும். முட்டை இடாது, குட்டி போடும். சாதாரணமாக மண்ணிறமாகவே இருக்குமாம். மகன் ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போனபோது தன் மீன் தொட்டியை விட்டுப் போனான் அல்லவா, அதற்குள்தான் வளர்க்கிறோம். அவன் போன அடுத்த இளவேனிலில் பின்வளவுக் கல்லில் இந்தப் பாம்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. பிலோமினாதான் கண்டாள். "இஞ்ச வாங்க, தணல் மாதிரி ஒண்டு கிடக்கு" என்று கத்தினாள். எனக்கு அது காய்ந்த இலை மாதிரித்தான் தெரிந்தது.

புவாண்ட்-கிளேரில் என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்யும் பற்றிக் இந்தப் பாம்புகளில் பைத்தியம். வந்து பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தான். இப்படிச் சிவப்பு அபூர்வம், இதைப் பெருக்கவேண்டும் என்று தானே ஓர் ஆண் பாம்பும் கொண்டுவந்து தந்தான். அன்றிலிருந்து கோடைக்குக் கோடை குட்டிகள். சிவப்பை வைத்துக்கொள்வோம், மண்ணிறத்தைக் கொடுத்துவிடுவோம்.

நீங்கள் இப்போது சிரிப்பீர்கள் என்று தெரியும். சிவப்பும் பச்சையும் ஒன்றாய்த் தெரிகிற எனக்கு நிறம் பார்த்துப் பாம்பு வளர்க்கிற வேலை! பழுத்த கொச்சிக்காய் ஆய்ந்து வா என்று அனுப்ப, கூடை நிறையப் பச்சைக் காயோடு வந்தவன் நான். ஆனால் அக்கா, குட்டிகள் பிறந்ததும் பிலோமினா ஒவ்வொன்றாய்த் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். இது தணல், இது செவ்விளநீர், இது சும்மா மண் என்று நிறம் சொல்லுவாள். அதைக் கேட்கத்தான் நான் பாம்பு வளர்க்கிறேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

போன கிழமை குட்டிகள் வந்தன. அவளே பிரித்தாள். மண்ணிறக் குட்டிகளைப் பற்றிக்கிடம் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "உண்மையாகவே இவை வேண்டாமா?" என்று இரண்டுதரம் கேட்டான். கொண்டுபோ என்றேன். என் கையைப் பிடித்து மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லி விடவே மாட்டேன் என்கிறான். நல்ல மனுசன்.

நாங்கள் வைத்துக்கொண்ட சிவப்புக் குட்டிகளின் படங்களை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்து ரசியுங்கள்.

உடம்பைக் கவனியுங்கள்.
உங்கள் பாசமுள்ள தம்பி,
கனகசிங்கம்

*

கல்லடி, மட்டக்களப்பு
12 செப்ரெம்பர் 2002

அன்புத் தம்பிக்கு,

அக்கா அருளம்மா. நான் சுகம். முழங்கால் தன்பாட்டில் இருக்கிறது, நான் என்பாட்டில் இருக்கிறேன்.

கதிரையில் இருந்துதான் வாசித்தேன், ஆனாலும் எழும்பிவிட்டேன். பாம்புக்கு மீன் வெட்டிப் போடுகிறாயா? உன் அக்காவுக்கு ஒருநாள் ஒரு சூடை மீன் வெட்டித் தந்திருக்கிறாயாடா? உங்கள் வீட்டில் மாதா சொரூபம் இருக்குமே, அவவின் காலடியிலேயே ஒரு பாம்பு நசிந்து கிடக்குமே. மேலே மாதா மிதிக்கிறா, கீழே நீங்கள் தீன் போடுகிறீர்கள். மச்சாள் பிலோமினாவிடம் நான் இப்படிக் கேட்டதாகச் சொல்லு.

படங்கள் வந்தன. குட்டிகள் வடிவாய் இருக்கின்றன. கோடுகள் அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி. நல்லாய்ப் பராமரிக்கிறாள் என்று தெரிகிறது.

இங்கே கலியாணங்கள் கூடிவிட்டன. பிளவுஸ் தைக்கக் கை ஓயவில்லை. சேலைத் தலைப்புக்கு நூல் பொருத்திப் பொருத்தியே கண் பூத்துப்போகிறது. வேறென்ன எழுத? மச்சாளையும் உன்னையும் கடவுள் காப்பாராக.

உன் அக்கா,
அருளம்மா

*

பியர்பொன்ட்ஸ்
20 ஒக்டோபர் 2002

அன்பு அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய எப்போதும் ஆவல். மாதா விசயத்தைப் பிலோமினாவிடம் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அது வேற பாம்பு எண்டு மச்சாளுக்கு எழுதுங்க" என்கிறாள்.

ஆனால் அக்கா, கோட்டைப் பற்றி எழுதினீர்கள், நிறத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லையே? நூல் பொருத்துகிற உங்கள் கண்ணுக்கு எது கடும் சிவப்பு, எது வெளிறல் என்று அறிய ஆசைப்பட்டேன். வளர்ந்த பிறகு எதை எதோடு சேர்ப்பது என்று முடிவெடுக்க அது உதவும். பிலோமினாவுக்கு எல்லாம் தணல்தான். எல்லாவற்றிலும் அவளுக்குப் பாசம்.

பெரிய பாம்புகளைக் குளிர் அறைக்குள் வைத்துவிட்டோம். இனி இளவேனில்வரை நித்திரை. அப்படித் தூங்கி எழும்பினால்தான் சேரும். குட்டிகளை மட்டும் சூட்டில் வைத்துத் தீன் போடுகிறோம்.

நான் இன்னும் கார் ஓடப் பழகவில்லை. பிலோமினாதான் காலையில் என்னைக் களஞ்சியத்தில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போகிறாள். கார்தெரி என்கிற ஒரு குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை. இந்த மாகாணத்தில் சிக்னல் விளக்கு படுத்தமாதிரி இருக்கும். சிவப்பு சதுரம், பச்சை வட்டம். என்னைப் பகிடி பண்ணுவதற்கென்றே சந்திக்குச் சந்தி, "இஞ்சாருங்க, இப்ப சதுரமா வட்டமா, சொல்லுங்க பாப்பம்" என்று கேட்கிறாள். நானும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பதில் சொல்லிக்கொண்டு போகிறேன். கோயிலில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பதை விட்டுவிட்டாள். மற்றவர்களும் வாசிக்கட்டுமே என்கிறாள்.

நிறத்தை எழுதுங்கள்.
அன்புத் தம்பி,
கனகசிங்கம்

*

கல்லடி
25 நவம்பர் 2002

அன்புத் தம்பிக்கு,

மாரி மழை. முற்றத்தில் வெள்ளம். நான் சுகம், நீங்களும் குளிரில் கவனமாக இருங்கள்.

நிறம் கேட்டிருக்கிறாய். படம் கழுவுகிற கடைக்காரன் கையில் நிறம் மாறிப்போகும் தம்பி. நானே ஏமாந்திருக்கிறேன். கொழும்பிலிருந்து ஒருத்தி படம் அனுப்பி இந்த நிறத்துக்குத் தைத்துத் தா என்றாள். தைத்து முடிய, சேலை ஒரு நிறம், பிளவுஸ் ஒரு நிறம். அதனால் படத்தை நம்பி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. தெரிந்த நூலைப் பக்கத்தில் போட்டுப் பார்ப்போம். இதோடு ஒரு துண்டு நூல் வைக்கிறேன். நல்ல செவ்வரத்தம்பூச் சிவப்பு. ஒவ்வொரு குட்டிக்குப் பக்கத்திலும் இதைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பு. நூல் என் பெட்டியில் இருக்கிற நிறத்தில் விழுந்திருந்தால் பாம்பும் தன் நிறத்தில் விழுந்திருக்கும்.

மச்சாளுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்று முந்தி எழுதினாயே, குளிசை ஒழுங்காகப் போடுகிறாளா? கண் தெளிவா? சும்மா கேட்கிறேன்.

உன் அக்கா

*

பியர்பொன்ட்ஸ்
19 ஜனவரி 2003

அன்பு அக்காவுக்கு,

நத்தாரும் பொங்கலும் நல்லபடி முடிந்தன. பொங்கல் பானையையும் இங்கே பிலோமினாதான் வைக்கிறாள், தெரியுமே. வெளியில் கால் வைக்க முடியாத குளிர்.

நூலோடு படங்கள் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நூலைத் தொட்டியில் போட்டதும் பிலோமினா குனிந்து பார்த்துவிட்டு, "மச்சாளிட நூலும் இதுகளும் ஒரே நிறம், நூல் எங்க கிடக்கெண்டே தெரியல்ல" என்றாள். எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியாதது புதுமையா?

குளிசை போடுகிறாள். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடிதான் பழசு என்கிறாள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி

*

கல்லடி
17 பெப்ரவரி 2003

அன்புத் தம்பி,

சுகம் விசாரித்து எழுத இன்று மனம் வரவில்லை. குறை நினைக்காதே.

படங்களை வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நூல் என் பெட்டியில் இருக்கிற அதே செவ்வரத்தை. படத்தில் பிழையில்லை. தம்பி, அந்தக் குட்டிகளில் ஒன்றுகூடச் சிவப்பில்லை. எல்லாம் மண்ணிறம். மழை பெய்து காய்ந்த முற்றத்து மண் நிறம். நூல் எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை என்றாளாம். அது படத்தில் ஒரு காயம் மாதிரிச் சிவந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகூடத் தொட்டுக் காட்டினாள்.

முதல் படத்திலேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் புருசனின் அக்கா. உன் பெண்சாதி சிவப்பு என்றதை நான் மண் என்றால் ஊர் என்ன சொல்லும், நீ என்ன நினைப்பாய்? கோட்டைப் பற்றி எழுதித் தப்பினேன். கடைக்காரன்மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். இனி முடியாது.

பிலோமினா பொய் சொல்லுகிறவள் இல்லை. அவளுக்குத் தெரியவில்லை. என்னிடம் தைக்க வருகிற ஒரு மனுசி, நல்ல ஆள், ஒருநாள் நீலச் சேலையைத் தந்து இந்தப் பச்சைக்கு நூல் பொருத்து என்றா. சிரித்துவிட்டோம். அவவுக்கும் சீனிதான். அடுத்த வருசம் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

சதுரமா வட்டமா என்று அவள் கேட்பது பகிடி இல்லையடா. உன்னிடம் உண்மையாகத்தான் கேட்கிறாள். நிறம் தெரியாதவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண் தெரியாதவள் கார் ஓடுகிறாள். உடனே கண் டாக்குத்தரிடம் கூட்டிப் போ.

அக்கா

*

பியர்பொன்ட்ஸ்
16 மார்ச் 2003

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பாம்பைப் பற்றிக் கேட்டேன், பெண்சாதியைப் பற்றிக் கேட்கவில்லை. வேதக்காரப் பெட்டையைக் கட்டினான் என்று அன்றைக்கு இருந்த மனக்குறை இன்னும் போகவில்லைபோலும். அவளுக்குக் கண் தெரியாது என்று ஒரு நூல் துண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லுகிறீர்கள். உங்கள் கடிதத்தை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. வாசிக்கவும் மாட்டேன்.

கனகசிங்கம்

*

கல்லடி
8 ஏப்ரல் 2003

தம்பிக்கு,

நான் சுகம். ஏசினாய், சரி. இன்னும் ஏசு. அக்காவை ஏசாமல் யாரை ஏசுவாய்?

ஒன்றே ஒன்று செய். அடுத்தமுறை சந்தியில் அவள் சதுரமா வட்டமா என்று கேட்டால் பதில் சொல்லாமல் இரு. அவள் என்ன செய்கிறாள் என்று பார். என் சொல் பிழை என்றால் இனிமேல் எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

வருசப் பிறப்புக்கு உங்கள் இருவருக்கும் பிள்ளையாருக்கு அருச்சனை செய்கிறேன். அவளுடைய பெயரையும் சொல்லித்தான்.

அருளம்மா

*

பியர்பொன்ட்ஸ்
27 ஜூலை 2003

என் அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். நீண்ட காலம் இருக்கவேண்டும். நான்கு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழும்பிவிடுவேன். மார்ச்சில் எழுதியதை அடுப்பில் போடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த கிழமையே அது நடந்தது. உங்கள் சொல் பிழை என்று காட்டத்தான் அதைச் செய்தேன். காலை வேலைக்குப் போகிற நேரம், சோர்ஸ் வீதிச் சந்தி. நின்றோம். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு, "சதுரமா வட்டமா?" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. "சொல்லுங்களன்" என்றாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். விளக்கு வட்டமாக மாறியது. அவள் நேரே பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கார் அசையவில்லை. பின்னால் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இஞ்சாருங்க, சொல்லுங்க. எனக்குத் தெரியல்ல" என்றாள். குரலில் பகிடி இல்லை.

"வட்டம். மெதுவா வலப்பக்கம் திருப்பு" என்றேன். ஒரு டெப்பனர் கடை வாசலில் நிறுத்தினோம். அக்கா, அங்கே வைத்துத்தான் எல்லாம் சொன்னாள். ஒரு வருசத்துக்கு மேலாகக் கண்ணுக்குள் கரி பறப்பதுபோல இருக்கிறதாம். எல்லாம் புகை மூடினமாதிரியாம். "சொன்னா லைசன்ஸ் போயிரும், உங்கள ஆரு வேலைக்குக் கொண்டுபோறது? என்ட வேலையும் போயிரும்" என்றாள். பாம்புகளை ஏன் சிவப்பு என்று சொன்னாய் என்று கேட்டேன். "தணல் எண்டு நான் சொன்னா உங்கட முகம் மலரும். அது மட்டும் நல்லாத் தெரிஞ்சிச்சு" என்றாள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். பற்றிக் வந்து காரைக் கொண்டுவந்து தந்தான்.

டாக்குத்தர் சொன்னது இதுதான். சீனி கண்ணின் இரத்தக் குழாய்களைக் கெடுத்து உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது. இடது கண்ணில் பெரிய சேதம். அது திரும்பாது. வலது கண்ணுக்கு லேசர் பிடித்தார்கள், பலதரம் போனோம். கசிவு நின்றுவிட்டது. இப்போது வலது கண் தெளிந்து வருகிறது. இன்னொரு குளிர்காலம் விட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்று டாக்குத்தர் சொன்னபோது நான் உங்களை நினைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த டாக்குத்தர் அம்மா தன்னைக் கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பா. அவவையும் கும்பிடத்தான் வேண்டும்.

அக்கா, நீங்கள் காப்பாற்றிய அந்தக் கண் எனக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறது. வேறு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பற்றிக்கிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. (பிலோமினா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.) நாங்கள் மண் என்று கொடுத்த பெட்டியில்தான் சிவப்பெல்லாம் இருந்திருக்கிறது. இப்படியும் தாராள மனசுக்காரர் உண்டா என்று தன் மனைவியிடம் சொல்லிச் சொல்லி அதிசயித்தானாம். அடுத்த சனிக்கிழமை நல்ல தணல் நிறத்தில் ஒரு சோடி கொண்டுவந்து வைத்துவிட்டான். வேண்டாம் என்றால் கேட்கிறானில்லை.

நான் கார் ஓடப் பழகுகிறேன். இந்த வயதில்! விளக்கின் நிறம் தெரியாதே என்று இவ்வளவு காலமும் பயந்து கிடந்தேன். சதுரமும் வட்டமும் எனக்காகவே செய்து தொங்கவிட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

உங்கள் தம்பி,
கனகசிங்கம்

*

பியர்பொன்ட்ஸ்
7 செப்ரெம்பர் 2003

என் அன்பு மச்சாளுக்கு,

பிலோமினா எழுதுகிறேன். எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறது என்று சிரிக்காதீர்கள், மொத்தப் பேனாவால் எழுதினால்தான் எனக்குக் கோடு பிடிபடுகிறது. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். பூசிப் பாருங்கள்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் இவர் எனக்கு வாசித்துக் காட்டினார். தான் எழுதிய கோபக் கடிதத்தைப் பற்றியும் சொன்னார். மச்சாள், உங்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. என் கலியாணப் பிளவுசை யார் தைத்தது? சந்தனப் பட்டுக்கு நூல் கிடைக்கவில்லை என்று உச்சி வெயிலில் பாலம் தாண்டிப் பட்டணம் எல்லாம் அலைந்து வாங்கி வந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் என்னோடு இரண்டு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் தையலில் ஓர் இடத்திலும் நூல் தனியாகத் தெரியவில்லை. அது எனக்குப் போதும் என்று அன்றே நினைத்தேன்.

வீட்டில் இருக்கிறவர் கண்டுபிடிக்க முடியாததைக் கடலுக்கு அப்பால் இருந்து கண்டுபிடித்தீர்கள். சொன்னால் கெட்ட பெயர் வரும் என்று தெரிந்தும் சொன்னீர்கள். ஆண்டவர் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று தினமும் செபம் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டேன், அதில் கவலை இல்லை. போன ஞாயிறு கோயிலில் மறுபடி வாசகம் வாசித்தேன். மெதுவாகத்தான். இவர் முன் வாங்கில் இருந்துகொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார்.

இப்போது குட்டிகள் விசயம். பங்குனியில், கண் புகைமூடிக் கிடந்த நேரத்தில், சிவப்புத் தாயோடு சேர்க்க நல்ல சிவப்பு ஆண் இது என்று ஒன்றை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அது எந்த நிறம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். போன கிழமை தாய் குட்டி போட்டது. பின்வளவுக்கு, வெயிலுக்குக் கொண்டுபோனோம். உங்கள் நூலை விரலில் சுற்றிக்கொண்டேன். முதல் குட்டியைத் தூக்கி வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன்.

"என்ன நிறம்?" என்றார் இவர்.

"மண்ணிறம்" என்றேன்.

"வடிவாப் பாத்தியா?"

"பாத்தன். மண்ணிறம்தான்."

அடுத்ததையும் தூக்கினேன். அதுவும் மண். அதற்கடுத்ததும் மண். ஒவ்வொன்றுக்கும் இவருக்குச் சிரிப்பு கூடிக்கொண்டே போகிறது. எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசிக் குட்டியும் மண்ணிறம் என்றபோது இவர் புல்லில் குந்திக்கொண்டு முகத்தைப் பொத்தி அழுதார். பார்க்க வந்திருந்த பற்றிக் பயந்துபோனான். சிவப்பு உள்ளே ஒளிந்துதான் இருக்கிறது, இவற்றின் குட்டிகளில் வெளியே வரும், கவலைப்படாதே என்று இவர் முதுகைத் தடவித் தேற்றினான். பாவம், இவர் எதற்கு அழுகிறார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்று மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினோம். மண்ணிறப் பாம்புக் குட்டிக்கு நன்றி சொல்லி மெழுகுதிரி ஏற்றிய ஒரே வீடு இதுவாகத்தான் இருக்கும்.

எல்லாக் குட்டிகளையும் வரிசையாக விட்டு, பக்கத்தில் உங்கள் நூலைப் போட்டு, நானே படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நூல் எங்கே கிடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஒரு குட்டியும் சிவப்பில்லை, மச்சாள். நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சாள்,
பிலோமினா